பாக்கலாங்க

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வாய்கூட இல்லை, விரல்தான். நெட்டில் ஒரு இசை வீடியோவின் கீழே நான் போட்ட ஒரு கமெண்ட்டில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

தர்மபுரியில் ஒரு கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். பரீட்சைத் தாள் திருத்தும்போது எனக்குப் பாட்டு ஓடவேண்டும், ஆனால் அதில் வார்த்தை இருக்கக்கூடாது. இருந்தால் பிள்ளைகள் எழுதியிருப்பதோடு கலந்து குழம்பிவிடும். அப்படித் தேடும்போது அகப்பட்டவர்தான் அந்த ஆஸ்திரேலியக்காரர். மேற்கத்திய சாஸ்திரிய இசை எழுதுகிறவர். சாஸ்திரிய இசை என்றால், மேற்கோ கிழக்கோ, செத்துப்போனவர்கள் செய்துவைத்துவிட்டுப் போனது என்றுதான் எனக்கு நினைப்பு. இந்த ஆள் உயிரோடு இருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வெயிலில் நின்று, கம்பிவேலியில் மைக்கை ஒட்டவைத்துக்கொண்டிருந்தார். காற்றுக்கு வேலிக்கம்பி முனகியது. அந்த முனகலோடு ஒரு செல்லோ சேர்ந்துகொண்டது. வயலினைப் பெரிதாக்கிக் கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிப்பார்களே, அதுதான் செல்லோ. முதல் தடவை கேட்டபோது, என்னடா இது, ரிப்பேரா என்று போனைத் தட்டிப் பார்த்தேன். இரண்டாம் தடவை தாள் திருத்துவதை நிறுத்திவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் பதிவு செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் கேட்டேன். வறண்ட ஓடை, தகரக் கூரையில் விழும் முதல் மழை, ஆடுகள் பட்டிக்குள் நுழைகிற இரைச்சல். எதையும் அவர் அலங்காரத்துக்கு வைத்திருக்கவில்லை. வாத்தியம் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அது பேசி முடிக்கும் வரை காத்திருக்கும். அப்புறம்தான் வாயைத் திறக்கும். எனக்கில்லாத குணம் என்பதால் அது பிடித்துப்போயிற்று.

அதில் ஒன்று, கோதுமைக் காட்டில் அவருடைய அம்மா தகர டின்னைத் தட்டிக் கிளி விரட்டியதை நினைத்து எழுதியது. டின்னுக்குப் பதிலாகச் செல்லோவின் மர வயிற்றில் விரலால் தட்டுகிறார்கள். நடுவில் நிஜக் கிளிகள் கத்துகின்றன. கேட்டதும் என் சித்தி கண்முன் வந்து நின்றாள். கை சும்மா இருக்குமா? கீழே எழுதினேன்: என் சித்தி இன்றைக்கும் சோளக்காட்டில் பரண் மேல் நின்று குருவி ஓட்டுகிறாள், டின் கிடையாது, தொண்டை மட்டும்தான்.

அவரே பதில் போட்டார். அந்தக் குரலை நான் கேட்க முடியுமா என்று கேட்டிருந்தார். அதற்கென்ன, வாருங்கள் என்று எழுதிவிட்டேன். நம்மூரில் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவரைக்கூட வூட்டுக்கு வாங்க என்கிறோம். வந்தா நிற்கிறார்கள்? அந்த தைரியம்தான். இந்த மனுஷர் வந்து நின்றுவிட்டார். சென்னையில் ஏதோ கச்சேரிக்கு வந்தவர், புரட்டாசியில் ஒரு நாள் மைக்குப் பெட்டியோடு தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி எனக்கு போன் போட்டார்.

சித்தி என் அம்மாவின் தங்கை. இண்டூருக்குப் பக்கத்தில் அவர்களுடைய சோளக்காடு. சித்தப்பா கடும் உழைப்பாளி, பேச்சு கம்மி. அவர்களுக்கு ஒரே மகள். அவளைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போனவள், அங்கேயே ஒருவனைப் பிடித்துப்போய் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். வேற ஆளுங்க வூட்டுப் பையன். எங்கள் பக்கத்தில் இதைச் சொன்னால் போதும், அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள்.

சேதி வந்த அன்று சித்தப்பா கிணற்று மேட்டுத் தொட்டியில் தண்ணீர் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். தலைமுழுகிவிட்டார். சாவு வீட்டுக்குப் போய்வந்தால் முழுகுவோமே, அதேதான். மகள் செத்தாள் என்று அர்த்தம். கூடியிருந்த சொந்தம் பூராவும் முழுகியது. சித்தியை இழுத்துவந்து உட்காரவைத்து ஊற்றினார்கள். நானும் ஒரு குடம் ஊற்றிக்கொண்டேன். வகுப்பில் பெண்ணுரிமை பற்றித் தொண்டை கிழியப் பேசுகிறவள், ஊற்றிக்கொண்டு, தலையைத் துவட்டிக்கொண்டு, உட்கார்ந்து சோறும் தின்றேன். மானங்கெட்டவள்! அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் பேரை யாரும் எடுத்ததில்லை, என் வீட்டிலும்தான்.

அந்தக் காட்டுக்குத்தான் இவரை அழைத்துப் போனேன். சித்தப்பா முதலில் மிரண்டு, பிறகு தெளிந்து, “பாவம், எந்த ஊர்ல இருந்தோ வந்துக்கறாரு, சாப்ட்டாரான்னு கேளு” என்றார். களியும் கீரைக் கடைசலும் வைத்தார்கள். வந்தவர் களியை மென்றார். சித்தி பதறிப்போய், “ஐயோ, மெல்லக்கூடாதுங்க, முழுங்கணும்” என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். அவரும் கண்ணை உருட்டி முழுங்கினார். சித்தி சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

சோளம் பால் பிடித்திருந்த நேரம். சாயங்காலம் பரணுக்குக் கீழே மைக்கை நிறுத்திவிட்டு, கொஞ்சம் தள்ளி வரப்பில் அவரும் நானும் ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். மும்முனை கரண்ட் வருகிற நேரம் என்று சித்தப்பா மோட்டார் ஷெட்டுக்குப் போனார். மோட்டார் இரைய ஆரம்பித்தது. அதுவரை சும்மா கையை ஆட்டிக்கொண்டிருந்த சித்தி, பரண் மேல் நிமிர்ந்து நின்று குரல் எடுத்தாள்.

ஏஏஏ... ஹோய்! குருவிக் கூட்டம் விர்ரென்று எழும்பி அடுத்த காட்டுப் பக்கம் போயிற்று. மறுபடி, ஏஏஏ... ஹோய்! மூன்றாவது தடவை ஹோய் இல்லை. அந்த இடத்தில் ஒரு பேர் இருந்தது. கடைசி எழுத்தை நீட்டி, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையைத் தூரத்திலிருந்து சாப்பிடக் கூப்பிடுவது போல. அவள் பேர். அதை இங்கே எழுதமாட்டேன், ஏற்கெனவே ஒரு தடவை வெளியே விட்டது போதும். வெறும் காதில் கேட்டிருந்தால் எனக்கே தெரிந்திருக்காது, விரட்டுகிற சத்தத்தோடு சத்தமாகப் போயிருக்கும். மைக்கு விடவில்லை, காதுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டது.

பக்கத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரலை மேலே தூக்கியிருந்தார். முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அந்த மோட்டார் இரைகிற சுருதியிலேயே அவர் குரல் போய் நிற்கிறது, கவனித்தீர்களா? உங்கள் பாடகர்கள் தம்புராவை வைத்துக்கொள்வது போல. அதனால்தான் மோட்டார் ஓடும் வரை காத்திருந்தார்!” என்றார் இங்கிலீஷில்.

காத்திருந்தது நிஜம். மோட்டார் போட்டுவிட்டால் சித்தப்பா ஷெட்டை விட்டு நகரமாட்டார், அந்த இரைச்சலில் அவர் காதில் ஒன்றும் விழாது. அதற்காகக் காத்திருந்தாள். இவர் சுருதி என்று நினைத்தது அவளுக்கு ஒரு மறைப்பு. எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. புரிந்தும், “ஆமாம், ஆச்சரியம்தான்” என்றேன்.

சித்தி பரணிலிருந்து இறங்கி வந்தாள். ஆஸ்திரேலியக்காரர் நேர்மையான ஆள். யாருடைய குரலையும் அவர்கள் சம்மதம் இல்லாமல் சேர்க்கமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார். எழுந்து நின்று, “உங்கள் குரலை என் இசையில் வைத்துக்கொள்ளலாமா? வேண்டாம் என்றால் இங்கேயே, உங்கள் எதிரிலேயே அழித்துவிடுகிறேன்” என்று கேட்டார். சித்தியிடம் தமிழில் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். ஹெட்போன் என் கழுத்தில் கிடந்தது. நானும் கேட்டுவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவரைப் பார்த்து, “பாக்கலாங்க” என்றாள்.

எங்கள் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லமாட்டார்கள். அது எதிராளியைக் கைநீட்டி அடிப்பதற்குச் சமம். பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லை என்றால், பாக்கலாங்க. கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிடுங்கள் என்று வற்புறுத்தினால், பாக்கலாங்க. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் கேட்டவர் பேச்சை மாற்றிவிடவேண்டும், மழை பெய்ததா என்று விசாரிக்கவேண்டும். பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும். நான் அதே ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவள்.

“பார்ப்போம் என்கிறார்” என்று மொழிபெயர்த்தேன். சொல்லுக்குச் சொல் சரி. அவர் நெற்றி சுருங்கியது. “அப்படியென்றால் சம்மதமா?” என்று கேட்டார்.

“சம்மதம்தான். எங்கள் ஊரில் இப்படித்தான் சொல்வார்கள்” என்றேன்.

எங்கள் ஊரில் இப்படித்தான் சொல்வார்களாம்! ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால், பெருமைதான், வேறென்ன. தாள் திருத்தும்போது நான் கேட்கிற இசைக்குள் எங்கள் சோளக்காடு வரப்போகிறது, நான் கொண்டுவந்து கொடுத்தது. மறுநாள் அவர் ஊருக்குப் போகிறார். அழித்துவிட்டார் என்றால் அதோடு போச்சு. நல்ல காரணமும் ஒன்று தயாராக வைத்திருந்தேன்: அந்தக் குரல் அந்தக் காட்டோடு போகக்கூடாது, அந்தப் பேர் நாலு பேர் காதில் விழவேண்டும். என்ன ஒரு நியாயம்! நாலு பேர் காதில் விழவேண்டும் என்று அவளல்லவா சொல்லவேண்டும்? சித்திக்கு இங்கிலீஷ் தெரியாது. நாங்கள் இருவரும் பேசுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், எல்லாம் சரியாகப் போகிறது என்று நம்பி.

மார்கழியில் அந்தப் பதிவு வெளிவந்தது. லிங்க் அனுப்பியிருந்தார். முதலில் மோட்டார் மட்டும், ரொம்ப தூரத்தில். அதன் அடியில் செல்லோ, எங்கே மோட்டார் முடிகிறது, எங்கே வாத்தியம் தொடங்குகிறது என்று தெரியாதபடி. பிறகு குருவிகள். பிறகு சித்தி. அந்தப் பேரை அவர் ஒரே ஒரு தடவைதான் வைத்திருந்தார். அது முடிந்ததும் செல்லோ அதே ஏற்ற இறக்கத்தைத் திரும்ப வாசிக்கிறது, ஆனால் கடைசி நீட்டலை வாசிக்காமல் நின்றுவிடுகிறது. அது ஒரு பேர் என்று தெரியாமலே அவருக்கு எப்படி நிறுத்தத் தெரிந்தது? சமையற்கட்டில் நின்று கேட்டு அழுதேன். அழுதுவிட்டு, கீழே யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்றும் படித்தேன். பறவை விரட்டும் சத்தத்தில் இவ்வளவு ஏக்கமா என்று ஜப்பானிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு லைக் போட்டேன்.

நம்மூரில் யார் இதெல்லாம் கேட்கப்போகிறார்கள் என்று இருந்தேன். கேட்க வைத்ததும் நான்தான்.

மாசியில் சித்தப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்று. தர்மபுரி ஆஸ்பத்திரியிலிருந்து என் காரில் ஊருக்கு அழைத்துப்போனேன். சித்தப்பா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முன் சீட்டில், சித்தி பின்னால் மாத்திரைப் பையோடு. வண்டியை எடுத்ததும் என் போன் தானாகவே போய் வண்டி ஸ்பீக்கரில் ஒட்டிக்கொண்டது. நான் காலையில் நிறுத்தின இடத்திலிருந்து ஓட ஆரம்பித்தது. பஸ்ஸும் லாரியும் முட்டிக்கொள்கிற திருப்பம், இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

“நம்ம மோட்டார் சத்தமாட்டம் இருக்குது?” என்றார் சித்தப்பா. குரலில் சந்தோஷம். “அந்த வெள்ளக்காரரு எடுத்தாரே, அதுவா கண்ணு?”

“ஆமாங்க சித்தப்பா” என்றேன். கையை எடுத்து பட்டனைத் தேடினேன்.

ஏஏஏ... ஹோய்! “அட, உங்க சித்தி!” என்று பின்னால் திரும்பிச் சிரித்தார். அவர் அப்படித் திரும்பியிருக்கும்போதே அந்தப் பேர் வந்தது. நான் அமுக்கினது தப்பான பட்டன். சத்தம் குறையவில்லை, கூடிவிட்டது. கார் முழுக்க அந்தப் பேர்தான். பிறகு செல்லோ அதைத் திரும்பச் சொன்னது. அப்புறம்தான் எனக்கு அணைக்க வந்தது.

சித்தப்பா மெதுவாக முன்னால் திரும்பி உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. வண்டிக் கண்ணாடியில் பின்னால் சித்தியைப் பார்க்க எனக்கு தைரியமில்லை. இண்டூர் வந்து சேர்ந்தோம். வீட்டு வாசலில் இறங்கி அவர் சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனார். சித்தி பையை எடுக்கக் குனிந்தவள், என் பக்கம் வந்தாள்.

“நான் பாக்கலாம்னுதான சொன்னேன், கண்ணு” என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை. எதையோ தான்தான் சரியாகச் சொல்லவில்லையோ என்று சந்தேகப்படுகிற குரலில் கேட்டாள். வண்டியை ரிவர்ஸ் எடுத்தேன்.

சித்தப்பா அவளை அடிக்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவும் இல்லையாம். சித்திரை மழை விழுந்ததும் சோளக்காட்டை உழுது மரவள்ளி நட்டுவிட்டார். நாங்கள் குச்சிக்கிழங்கு என்போம். ரேட் நல்லா இருக்குது, ஆள் தேவையில்லை என்று எல்லோரிடமும் சொன்னார். அது நிஜம்தான், மண்ணுக்கு அடியில் விளைகிறதைத் தின்ன எந்தக் குருவி வரும்? குருவி வராத காட்டில் கத்துவதற்கு யாருக்கும் காரணம் கிடையாது. பரணைப் பிரித்து விறகுக்குப் போட்டார். மோட்டார் மட்டும் அதே நேரத்துக்கு ஓடுகிறது.

அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் ஆஸ்திரேலியக்காரருக்கு உண்மையை எழுதினேன். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், அந்தச் சத்தம் யாருடைய பேர், எல்லாவற்றையும். சில நாள் பதிலே இல்லை. பிறகு சுருக்கமாக எழுதினார். என் மேல் கோபமாக ஒரு வரி இல்லை, இருந்திருக்கலாம். அந்தப் பதிவை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடத் தயார் என்றும், ஆனால் அதையும் அவளிடம் கேட்டுத்தான் செய்யவேண்டும் என்றும், இந்த முறை அவள் சொல்வதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள் என்றும் எழுதியிருந்தார். அந்த ‘மட்டும்’ எனக்குப் போதும்.

சித்தப்பா பாப்பாரப்பட்டி சந்தைக்குப் போகிற நாளாகப் பார்த்துப் போனேன். சித்தி கொல்லையில் முறத்தை வைத்துக்கொண்டு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். தொண்டை கட்டினது போலப் பேசினாள். சளியா என்று கேட்டேன். “கத்தறதுக்கு ஒண்ணும் இல்ல, அதான்” என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். “அன்னைக்கு நான் தப்பா சொல்லிட்டேன் சித்தி. நீ வேணான்னு சொன்னது தெரிஞ்சும் சரின்னு சொன்னேன். இப்ப அவரு கேக்கறாரு, எல்லா எடத்துலயும் எடுத்துடட்டுமான்னு. நீ என்ன சொல்றியோ அதையே எழுதறேன்.”

அவள் உரித்துக்கொண்டே இருந்தாள். “எடுத்துட்டா ஒரு எடத்துலயும் இருக்காதா?”

“இருக்காது.”

“இப்ப எங்கெங்க கேக்கறாங்க அத?”

“ஆஸ்திரேலியாவுல, லண்டன்ல... ஜப்பான்ல ஒருத்தரு கேட்டுட்டு ரொம்ப நல்லா இருக்குதுன்னு எழுதியிருக்கறாரு” என்றேன். அப்போதும் என் வாயில் பெருமை ஒட்டிக்கொண்டிருந்தது, சனியன்.

சித்தியின் கை நின்றது. என்னை நேராகப் பார்த்தாள்.

“ஆஸ்திரேலியா வரைக்கும் போயிருக்குதுன்ற. ஓசூருக்குப் போவலியா, கண்ணு?”

ஓசூர், தர்மபுரியிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தான். சித்தி மகளின் நம்பர் என் போனில் இருக்கிறது, டெய்லர் என்று போட்டு வைத்திருக்கிறேன், என் வீட்டில் யார் கண்ணிலும் படாமல் இருக்க. ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. அந்த லிங்கை யார் யாருக்கோ அனுப்பியிருக்கிறேன், என் பிரின்சிபாலுக்குக்கூட. அவளுக்கு அனுப்பலாம் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதும் பொய், தோன்றியபோதெல்லாம் பயந்தேன். சித்தப்பாவுக்குத் தெரிந்தால், என் வீட்டில் தெரிந்தால், சொந்தத்தில் தெரிந்தால். ஒரு விரல் போதும். கமெண்ட் போட்ட அதே விரல்.

போன் மடியில்தான் இருந்தது. சித்தி அதையே பார்த்தாள்.

“பாக்கலாம் சித்தி” என்றேன்.

“சரி கண்ணு” என்றாள். அடுத்த அவரைக்காயை எடுத்துக்கொண்டே, “உங்க பக்கம் மழ பேஞ்சுதா?” என்று கேட்டாள்.